விதைநெல்லும் ஒரு பௌதிகவியல் மாணவியும்



2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்தபோது அதை வரவேற்றவர்களில் இந்தியாவின் வந்தனா சிவாவும் ஒருவர். அந்தப் பெயரைக் கேட்டால் நம்மூரில் வேளாண்மை செய்கிறவர்களுக்கு இன்றும் கோபம் வரும். நியாயமான கோபம்தான். இருந்தாலும் அவர் வந்த வழியையும் தெரிந்துகொள்வோமே.

1952இல் டேராடூனில் பிறந்தவர். வாப்பா வன அதிகாரி. தாய் விவசாயம் செய்தவர். படித்தது பௌதிகவியல். மேற்படிப்புக்குக் கனடா போகுமுன், சின்ன வயதில் சுற்றித் திரிந்த இமயமலைக் காட்டைப் பார்க்கப் போயிருக்கிறார். ஓக் மரங்கள் இருந்த இடத்தில் ஆப்பிள் தோட்டம். ஓடையும் மெலிந்து கிடந்தது. மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் தடுத்த கிராமத்துப் பெண்களின் சிப்கோ இயக்கம் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டாராம். பிறகு விடுமுறைக்கு வந்தால் அந்தப் பெண்களோடுதான். 1978இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். (அது குவாண்டம் கோட்பாட்டின் தத்துவம் பற்றிய ஆய்வு. அவரை அணு விஞ்ஞானி என்று சிலர் எழுதுவது சரியல்ல.)

1987இல் ஐரோப்பாவில் நடந்த ஒரு கூட்டத்தில், விதைக்கும் காப்புரிமை எடுக்கக் கம்பனிகள் திட்டமிடுவதைக் கேட்டார். விதை கம்பனிக்குச் சொந்தமானால், அறுத்த நெல்லில் அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பதே குற்றமாகிவிடுமே! அந்தக் கவலையில் உருவானதுதான் நவதான்யா. ஊர் ஊராய்ப் பழைய நெல்லினங்களைத் தேடி, விதை வங்கி வைத்து, விதையைக் கடனாகக் கொடுத்து, அறுவடைக்குப் பின் விதையாகவே திருப்பி வாங்கும் முறை. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களில் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க விவசாயத் திணைக்களமும் ஒரு கம்பனியும் ஐரோப்பாவில் எடுத்திருந்த காப்புரிமையை மற்றவர்களோடு சேர்ந்து எதிர்த்தார். 2000இல் அது இரத்தானது. மேன்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. இதை அவருடைய எதிரிகளும் மறுக்க முடியாது.

ஆனால் பழைய இனங்களை மீட்க அவருக்கே எத்தனை வருடம் போனது! மண் பழக வேண்டும், விதை பெருக வேண்டும். இங்கே ஏப்ரலில் தடையை அறிவித்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. பசளைக்கு ஏங்கும் புதிய இனங்களை வயலில் வைத்துக்கொண்டு பசளையை மட்டும் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது நமது வட்டைகளில் தெரிந்தது. அவசரத்தை அவர் பாராட்டியிருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

யாரிடமாவது பச்சைப்பெருமாள், சீனட்டி விதைநெல் இருந்தால் சொல்லுங்கள். பள்ளித் தோட்டத்துக்கு ஒரு கொத்து போதும். அறுத்ததும் இரண்டு கொத்தாகத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.