விப்ஸ்னேட் பூங்காவின் மாணவக் காப்பாளர்: ஜெரால்ட் டரல் (1945–46)

ஜெரால்ட் டரல் (1925–1995) ஆங்கில இயற்கையியலாளர், எழுத்தாளர், ஜெர்சி உயிரியல் பூங்காவின் நிறுவனர். 1945ஆம் ஆண்டு கோடையில், தன் இருபதாவது வயதில், இங்கிலாந்தின் விப்ஸ்னேட் உயிரியல் பூங்காவில் மாணவக் காப்பாளராகச் சேர்ந்து ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் அங்கே பணியாற்றினார். சிங்கம், புலி, கரடி, காட்டெருமை, ஒட்டகம் முதலிய பெரிய பாலூட்டிகளுக்குத் தீனி வைப்பதும் அவற்றின் இருப்பிடங்களைத் துப்புரவு செய்வதும் அவர் வேலை. பதவியில் இதைவிடக் கீழே வேறொன்று இல்லை. ஆனால் உயிரியல் பூங்கா என்பது எதற்காக இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிடைத்த முக்கியமான விடைகளுள் ஒன்று இந்த வேலையிலிருந்தே முளைத்தது.

பின்னணி

டரல் 1925 ஜனவரி 7 அன்று இந்தியாவில், ஜாம்ஷெட்பூரில் பிறந்தார். தந்தை பொறியாளர். 1928இல் தந்தை இறந்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1935 முதல் 1939 வரை கிரேக்கத் தீவான கோர்ஃபுவில் வாழ்ந்தது. பள்ளிக் கல்வி முறையாக அமையாத டரலுக்கு அத்தீவின் பூச்சிகளும் பல்லிகளும் பறவைகளுமே பாடமாயின. பட்டமோ சான்றிதழோ இல்லாத ஓர் இளைஞன் விலங்கியல் துறைக்குள் நுழைய அன்று திறந்திருந்த வழிகள் மிகச் சில. அவற்றுள் ஒன்று பூங்காக் காப்பாளர் வேலை. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் அவர் லண்டன் விலங்கியல் சங்கத்துக்கு எழுதி வேலை கேட்டார். சங்கம் அவரைத் தன் நாட்டுப்புறப் பூங்காவான விப்ஸ்னேடுக்கு அனுப்பியது.

விப்ஸ்னேட் பூங்கா

1826இல் தொடங்கப்பட்ட லண்டன் விலங்கியல் சங்கம், 1828இல் லண்டன் ரீஜன்ட் பூங்காவில் விலங்குத் தோட்டத்தைத் திறந்தது. நகரத்தின் நடுவே குறுகிய இடத்தில் பெரிய விலங்குகளை வைத்திருப்பதன் குறைகள் காலப்போக்கில் தெளிவாயின. சங்கத்தின் செயலாளர் பீட்டர் சால்மர்ஸ் மிட்செல், விலங்குகள் திறந்த வெளியில் உலவும் பூங்கா ஒன்று வேண்டும் என்று வலியுறுத்தினார். பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில், டன்ஸ்டபிள் குன்றுகளை ஒட்டி, கைவிடப்பட்டிருந்த பண்ணை நிலம் ஒன்றைச் சங்கம் வாங்கியது. ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்தில் 1931 மே 23 அன்று விப்ஸ்னேட் பூங்கா திறக்கப்பட்டது.

போர்க்காலம் இந்தப் பூங்காவையும் விட்டுவைக்கவில்லை. 1939இல் லண்டன் பூங்காவின் யானைகள் உள்ளிட்ட சில விலங்குகள் பாதுகாப்புக்காக இங்கே கொண்டுவரப்பட்டன. பகை விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்பதால், குன்றின் சரிவில் வெட்டப்பட்டிருந்த பிரம்மாண்டமான சுண்ணாம்புச் சிங்க உருவம் மூடி மறைக்கப்பட்டது. டரல் வந்து சேர்ந்த 1945இல் நாட்டில் உணவுப் பங்கீடு நீடித்தது.

பணியும் பயிற்சியும்

மாணவக் காப்பாளருக்கென்று வகுப்பறையோ பாடத்திட்டமோ இல்லை. பூங்காவின் ஒரு பிரிவில் சில காலம் வேலை, பிறகு அடுத்த பிரிவு என்று சுழற்சியில் அனுப்புவார்கள். மூத்த காப்பாளர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும். டரல் முதலில் சென்றது சிங்கங்களிடம். ஆல்பர்ட் என்ற ஆண் சிங்கம் புதர் மறைவில் பதுங்கியிருந்து ஆட்களைத் திடுக்கிடச் செய்யும் விதத்தை அவர் பின்னர் சுவையாக எழுதினார். தொடர்ந்து புலிகள், கரடிகள், காட்டெருமைகள், வரிக்குதிரைகள், ஒட்டகச்சிவிங்கிகள் என்று பிரிவுகள் மாறின.

வேலையின் பெரும்பகுதி இறைச்சி வெட்டுதல், வைக்கோல் சுமத்தல், சாணம் அள்ளுதல், வேலி பார்த்தல் ஆகியவையே. ஆனால் விலங்கின் அருகில் நாள் முழுவதும் இருப்பவருக்குத்தான் சில செய்திகள் கிடைக்கும். எது தீனியை விட்டுவைக்கிறது, எது நடையில் தளர்ந்திருக்கிறது, எதற்குச் சினை பிடித்திருக்கிறது என்பவற்றை முதலில் அறிபவர் காப்பாளரே. மருத்துவர் வருவதும் உணவு மாற்றுவதும் அவர் சொன்ன பிறகுதான். டரல் தான் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். ஓய்வு நேரத்தில் அந்தந்த விலங்கைப் பற்றிக் கிடைத்த நூல்களைப் படித்தார்.

இங்கேதான் அவருக்கு முதல் ஏமாற்றம். அன்றைய பூங்காக்களில் அனுபவம் ஏராளமாக இருந்தது. ஆனால் அது காப்பாளர்களின் நினைவில்தான் இருந்தது. ஒருவர் ஓய்வு பெற்றால் அவரோடு அந்த அறிவும் வெளியேறிவிடும். விலங்கு இறந்தால் இன்னொன்றைக் காட்டிலிருந்து பிடித்துவரலாம் என்ற எண்ணம் பரவலாக இருந்ததால், எழுதிவைக்கவேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. காட்டிலேயே விலங்கு தீர்ந்துபோனால் என்ன செய்வது?

தாவீத் மான்கள்

அந்தக் கேள்விக்குக் கண்ணெதிரே ஒரு விடை இருந்தது. விப்ஸ்னேடுக்கு அருகிலுள்ள வோபர்ன் அபே, பெட்ஃபோர்ட் கோமகனின் பண்ணை. அங்கே தாவீத் மான்களின் மந்தை ஒன்று இருந்தது. சீனத்தைச் சேர்ந்த இம்மானை அந்நாட்டார் 'மிலு' என்பர். மானின் கொம்பு, ஒட்டகத்தின் கழுத்து, மாட்டின் குளம்பு, கழுதையின் வால் உடையதாயினும் இந்த நான்கில் எதுவும் அல்லாதது என்ற பொருள்படும் பெயரும் அதற்கு உண்டு. இயல்பான வாழிடத்தில் அது நெடுங்காலத்துக்கு முன்பே அழிந்துவிட்டது. பீகிங் நகருக்குத் தெற்கே அரசரின் வேட்டைத் தோட்டத்தில் மட்டும் ஒரு மந்தை எஞ்சியது. பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் தாவீத் 1865இல் அதைக் கண்டு ஐரோப்பாவுக்கு அறிவித்தார்.

1890-களின் நடுவில் வந்த வெள்ளத்தில் தோட்டத்தின் மதில் உடைந்து மான்கள் வெளியேறின. பெரும்பாலானவை கொன்று தின்னப்பட்டன. மிச்சமிருந்தவை 1900ஆம் ஆண்டின் கலவரத்தில் அழிந்தன. அதற்குமுன் ஐரோப்பியப் பூங்காக்களுக்குச் சென்றிருந்த 18 மான்களை 11ஆம் பெட்ஃபோர்ட் கோமகன் வோபர்னில் ஒன்றுசேர்த்தார். இன்று உலகில் உள்ள தாவீத் மான்கள் எல்லாம் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை.

இனம் முழுவதும் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து. ஒரு நோயோ ஒரு போரோ போதும். எனவே வேறு இடங்களிலும் மந்தைகளை உண்டாக்க முடிவாயிற்று. வோபர்னிலிருந்து சில குட்டிகள் விப்ஸ்னேடுக்கு வந்தன. தாயில்லாத அக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கும் பொறுப்பு டரலிடம் வந்தது. இரவிலும் எழுந்து பால் புகட்டவேண்டிய வேலை அது. அழிவின் விளிம்பிலிருந்த ஓர் இனத்தின் எதிர்காலம் பால்புட்டியின் சூட்டையும் அளவையும் பொறுத்திருந்தது.

இக்காலத்தில்தான் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியல் ஒன்றை டரல் தனக்கெனத் தயாரிக்கத் தொடங்கினார். பட்டியல் எதிர்பார்த்ததைவிட நீண்டுகொண்டே போனது.

ஜெர்சிப் பூங்காவும் பயிற்சி மையமும்

1946இல் டரல் விப்ஸ்னேடை விட்டு வெளியேறினார். இருபத்தொரு வயதில் கைக்கு வந்த குடும்பச் சொத்தைக் கொண்டு 1947இன் இறுதியில் ஆப்பிரிக்காவின் கேமரூனுக்கு விலங்கு சேகரிக்கப் பயணமானார். பயணங்களில் பணம் கரைந்தது. எழுத்து கைகொடுத்தது. 1959 மார்ச் 26 அன்று ஜெர்சித் தீவில் தன் சொந்தப் பூங்காவைத் திறந்தார். 1963இல் அது ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தது. அருகிவரும் இனங்களைப் பெருக்கிக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவதே அதன் நோக்கம். ஒவ்வொரு விலங்குக்கும் எழுத்துப் பதிவேடு வைப்பது அங்கே அடிப்படை விதியாயிற்று.

அடுத்தது பயிற்சி. அருகிவரும் இனங்கள் பல வெப்பமண்டல நாடுகளில் உள்ளன. அவற்றைக் காக்கவேண்டியவர்கள் அந்நாட்டவர்களே என்று டரல் கருதினார். 1970-களில் மொரீசியசிலிருந்து முதல் பயிற்சியாளர் ஜெர்சிக்கு வந்தார். 1984இல் பன்னாட்டுப் பயிற்சி மையம் முறையாகத் திறக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் இதுவரை அங்கே பயின்றுள்ளனர். அதே 1970-களில் கலிபோர்னியாவின் மூர்பார்க் கல்லூரி போன்ற இடங்களிலும் விலங்குப் பராமரிப்பு கல்லூரிப் பாடமாயிற்று.

மதிப்பீடு

விப்ஸ்னேட் அனுபவங்களை டரல் 1973இல்தான் 'பீஸ்ட்ஸ் இன் மை பெல்ஃப்ரி' என்ற நூலாக வெளியிட்டார். இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. அவர் நகைச்சுவை எழுத்தாளர் என்பதால் விலங்குகளின் குறும்புகள் கொஞ்சம் கூடுதலாகவே மெருகேறியிருக்கும். எனினும் பதிவேடு, இனப்பெருக்கம், பயிற்சி என்று அவர் பின்னாளில் நிறுவிய மூன்றும் மாணவக் காப்பாளராக அவர் கண்ட குறைகளுக்கு நேரான விடைகள்.

பெரிய பாலூட்டிகளிடம் பயின்ற அவர், தன் பூங்காவில் வௌவால், தவளை, புறா போன்ற சிற்றுயிர்களுக்கும் பேரிடம் கொடுத்தார். கூட்டத்தை ஈர்க்கும் யானைக்கும் சிங்கத்துக்கும் பரிந்து பேச ஆட்கள் உண்டு, சிற்றுயிர்களுக்கு இல்லை என்பது அவர் வாதம்.

தாவீத் மான் 1985இல் வோபர்னிலிருந்து பீகிங்கின் பழைய வேட்டைத் தோட்டம் இருந்த இடத்துக்கே திரும்பியது. மறு ஆண்டு பிரிட்டனின் பூங்காக்களிலிருந்து 39 மான்கள் கிழக்குச் சீனத்தின் தாஃபெங் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டன. இன்று சீனத்தில் அவை ஆயிரக்கணக்கில் உள்ளன.