பிழைத்தவர்கள் சொன்ன சாட்சி

1750ஆம் ஆண்டு தென் கரோலைனாவின் சட்டமன்றம் சீசர் என்ற அடிமைக்கு விடுதலை அளித்தது. ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 100 பவுண்டு தருவதாகவும் தீர்மானித்தது. அதற்கு ஈடாக, விஷத்துக்கும் கிலுகிலுப்பைப் பாம்புக் கடிக்கும் தன்னிடம் இருந்த மருந்தை அவர் வெளியே சொன்னார். பிளான்டேன், ஹோர்ஹவுண்ட் என்னும் இரண்டு செடிகளின் சாற்றைக் குடிக்க வேண்டும். ரம்மில் நனைத்த புகையிலையைக் கடிவாயில் வைக்க வேண்டும். ஊர்ப் பத்திரிகை அதை அச்சிட, மருந்து வெகுதூரம் பரவியது. ஒரு மனிதர் அடிமைத்தளையிலிருந்து மீண்டதில் எனக்கு முழு மகிழ்ச்சி. அந்த மருந்தில்தான் நம்பிக்கை இல்லை. அவரால் குணமானோம் என்று பிழைத்தவர்கள் சொன்னதே அதற்கு ஆதாரம். அமெரிக்காவில் இந்தப் பாம்பின் கடிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தவறான வைத்தியம் நிலைத்ததற்கும் பிழைத்தவர்களின் சாட்சியே முதல் காரணம் என்பது என் வாதம்.

கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தவர் எல்லோரும் சாவதில்லை. ஐந்தில் ஒரு கடியிலாவது பாம்பு விஷத்தை இறக்குவதே இல்லை. இறக்கினாலும் அளவு கடிக்குக் கடி மாறும். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர் எந்த மருந்தும் இல்லாமலே தேறிவிடக்கூடும். அப்படியானால் அவருக்கு எதைக் கொடுத்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். விஸ்கியைப் புட்டி புட்டியாகக் குடிக்க வைத்தார்கள். பிழைத்தவர் விஸ்கியால் பிழைத்தார், செத்தவர் விஸ்கி போதாமல் செத்தார் என்றார்கள். பிலடெல்பியா மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் இந்தச் சுழலை உடைக்கப் பார்த்தார். 1860இல் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தைப் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்ட அவர், அடுத்த ஆண்டே, வழக்கத்தில் இருந்த மருந்துகளைச் சோதனையின் அடிப்படையில் விமர்சித்து எழுதினார். மருந்து கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாமல் மருந்தைப் புகழக் கூடாது. இந்த எளிய நியாயம் ஊருக்குள் போய்ச் சேர இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

படிக்காத ஜனங்களின் மூடநம்பிக்கை இது, மருத்துவம் வளர்ந்ததும் மறைந்துவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். வரலாறு அப்படி இல்லை. கடிவாயைக் கீறு, உறிஞ்சு, மேலே இறுக்கிக் கட்டு என்று இருபதாம் நூற்றாண்டில் சொல்லிக் கொடுத்தவை முதலுதவிக் கையேடுகள். சின்னக் கத்தி, கட்டுவதற்குக் கயிறு, உறிஞ்சுவதற்கு ரப்பர்க் குமிழ் எல்லாம் அடங்கிய பெட்டிகள், காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்களிடம் விற்றன. 1950களில் அரிசோனாவில் கடிபட்ட கையை ஐஸில் அமிழ்த்தி வைக்கும் முறையைப் பரப்பியவர் படித்த ஆய்வாளர். அதனால் விரலையும் கையையும் இழந்தவர்கள் உண்டு. பிறகு மின்சாரம் வந்தது. உதட்டில் கடிபட்ட ஒருவருக்குக் கார் இன்ஜினின் ஸ்பார்க் பிளக் ஒயரை உதட்டில் மாட்டி, இன்ஜினை முடுக்கி ஷாக் கொடுத்தார்கள். அவர் நினைவிழந்தார், ஷாக்கால் ஒரு பலனும் இல்லை என்று 1991இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. உறிஞ்சும் கருவியைப் பற்றிய 2004ஆம் ஆண்டுச் சோதனை இன்னும் தெளிவானது. தன்னார்வலர்களின் காலில் விஷத்துக்குப் பதிலாக வேறொரு திரவத்தை ஏற்றி, சில நிமிடங்களில் உறிஞ்சிப் பார்த்தார்கள். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வெளியே வரவில்லை.

விஷமுறிவு மருந்து இல்லாத காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்கலாம். மனதைத் தொடும் கேள்விதான். ஆனால் சும்மா விட்டிருந்தால் தேறியிருக்க வேண்டிய பலருக்குக் கத்தியும் கட்டும் ஐஸும் கூடுதல் காயத்தையே தந்தன. மருந்து வந்த பிறகும் அவை ஒழியவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1890களில் பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் நாகப்பாம்பு விஷத்தை வைத்துச் செய்த விஷமுறிவு சீரம் மற்றப் பாம்புகளுக்குச் செல்லாது என்று காட்டியவர் பிரேசிலின் விட்டல் பிரசில். சாவோ பாவ்லோவின் புட்டான்டான் நிறுவனத்திலிருந்து அஃப்ரானியோ டோ அமரல் அமெரிக்காவுக்கு வந்து உதவ, 1927இல் கிலுகிலுப்பைப் பாம்புக்கான சீரம் அங்கே விற்பனைக்கு வந்தது. ஐஸ் வைத்தியம் அதற்குக் கால் நூற்றாண்டு பிந்தியது! மருந்து இருக்கிறது என்பது மட்டும் போதவில்லை. பழைய சாட்சிகளின் செல்வாக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூலிகையை இப்படி ஒதுக்குவது பூர்வகுடிகளின் அறிவை அவமதிப்பதாகாதா என்பது இன்னொரு ஆட்சேபம். ஆகாது. பூர்வகுடிகளான செனிகா மக்கள் பாம்புக் கடிக்குப் பயன்படுத்திய வேர், பின்னாளில் மருந்து நூல்களில் சளி மருந்தாக இடம்பெற்றது. சோதித்துப் பார்த்ததால்தான் அதற்கு உரிய இடம் கிடைத்தது. விஸ்கிக்கும் ஐஸுக்கும் வைத்த அதே அளவுகோலை மூலிகைக்கும் வைப்பதே மரியாதை.

இன்று அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்புகள் கடிக்கின்றன. இறப்பவர்கள் ஐந்து பேர் அளவில்தான். டெக்சஸிலோ அரிசோனாவிலோ கலிபோர்னியாவிலோ மலையேறப் போகும் நம்மவர்களும் சில விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கையை விடாதீர்கள். பாம்பைக் கண்டால் பின்வாங்கி விலகுங்கள். அது எப்போதும் வாலை ஆட்டி எச்சரிக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். கடித்துவிட்டால் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றுங்கள், கீறாதீர்கள், கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். 911ஐ அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருங்கள்.