கண்டிக்கு ஏறும் படி

கரையோரச் சமவெளி, 500 மீட்டரளவில் கண்டி, அதற்கும் மேலே நுவரெலியா என இலங்கையின் தரை மூன்று படிகளாக ஏறுவதை 1929இல் விரிவாக எழுதியவர் கனடியப் புவிச்சரிதவியலாளர் பிராங்க் டாசன் அடம்ஸ். நிலம் விட்டுவிட்டு உயர, மழையும் ஆறும் அரித்துவிட்ட படிகள் இவை என்றார். பின்னர் இங்கே அரசாங்கக் கனிமவியலாளராக இருந்த டி. என். வாடியா இதை ஏற்கவில்லை. பிளவுகளின் வழியே நிலம் பாளம் பாளமாக எழும்பியது என்பது அவர் கட்சி. மதில்போல் நிமிர்ந்த சரிவைப் பார்ப்பவருக்கு வாடியாவே சரியென்று படும். ஆனால் வலிய பாறை நிலைத்து நிற்க, கண்டிக்கு அருகிலுள்ள திகனப் பக்கத்துப் பளிங்கு போன்றது மழைநீரில் கரைந்தாலும் சரிவு செங்குத்தாகும்.

அடம்ஸ் ஆய்வுகூடத்து மனிதர். இரும்புக் குழாயில் இறுக்கிய பளிங்குத் தூணை அழுத்தி, அது நொறுங்காமல் பிதுங்குவதை 1901இலேயே காட்டியவர். கைக்கடங்கிய கல் மலைக்கு எப்படிச் சாட்சி சொல்லும்? நியாயமான கேள்வி. மாதிரியில் அளவு சுருங்கினால் பொருளின் வலுவும் அதே விகிதத்தில் சுருங்க வேண்டும் என்று 1937இல் புவிச்சரிதவியலாளர் ஹபர்ட் கணக்கிட்டார். கிலோமீட்டரைச் சென்ரிமீட்டராக்கினால் வலு இலட்சத்தில் ஒரு பங்காகும். மலையின் மாதிரிக்கு உலர்மணல் பொருந்துவது அதனால்தான். மணற்பெட்டியில் பிளவு விழுந்தால் நிற அடுக்குகள் இருபுறமும் இடறி நிற்கும். அந்த இடறலைப் பாறையில் காட்டாதவரை, சரிவின் செங்குத்து மட்டும் பிளவுக்குச் சான்றாகாது. 2020 ஆகஸ்டில் திகனப் பக்கம் நிலம் அதிர்ந்ததே எனலாம். அத்தகைய சிற்றதிர்வு ஆயிரம் மீட்டர் படியை விளக்கப் போதாது.