எட்டுக் காத்தி அரிசி

எங்க வீட்டு அரிசி வாளிக்குள் இன்னும் ஒரு பால் டின் கிடக்கிறது. அரிசியை வாங்குவது கிலோவில், உலையில் போடுவது டின்னில். பாட்டி காலத்தில் வாங்கியது காத்தியில்.

காலனி ஆட்சியில் ஒரு காத்தி என்பது ஒன்றே மூன்றில் ஒரு பங்கு பவுண்டு. இன்றைய கணக்கில் சுமார் 605 கிராம். 16 தாஹில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்குல். இவை எடைகள். கொள்ளளவுக்குத் தனியாக கந்தாங் இருந்தது, 4.546 லிட்டர். 1970களில் சிங்கப்பூரும் மலேசியாவும் மெட்ரிக்குக்கு மாறின. ஈரச்சந்தையில் மட்டும் காத்தி இன்னும் சாகவில்லை.

ஜப்பானியர் கால சிங்கப்பூரைப் பற்றிப் படிக்கும்போது ஒரு கணக்கு வரும். 1944இல் மாத அரிசிப் பங்கீடு ஆணுக்கு 8 காத்தி, பெண்ணுக்கு 6, பிள்ளைக்கு 4. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 4.8 கிலோ என்று போட்டிருப்பார்கள். ஐந்து கிலோ பை கண்ணில் வந்து நிற்க, ‘அப்படியொண்ணும் குறைச்சல் இல்லையே’ என்று நானும் பக்கத்தைப் புரட்டியவன்தான்.

பசி எடையில் தெரியாதுபோல. அதனால் டின்னுக்கு மாற்றிப் பார்த்தேன். எங்க டின்னில் தண்ணீர் 300 மில்லிலிட்டர் பிடிக்கிறது. அரிசி மணிகளுக்கு நடுவில் காற்று இருப்பதால் ஒரு லிட்டர் அரிசி ஒரு கிலோ வராது, 800 கிராம்தான் வரும். ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். ஆக, தலைதட்டிய ஒரு டின் 240 கிராம்.

8 காத்தியை 30 நாளுக்குப் பங்குபோட்டால் நாளுக்கு 161 கிராம், 200 மில்லிலிட்டர். டின்னில் மூன்றில் இரண்டு பங்கு. பெண்ணுக்கு அரை டின். பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு, டின்னின் அடியில் கொஞ்சம். மூன்று வேளைக்கும் அவ்வளவுதான். மிச்ச வயிற்றுக்கு மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தராசில் தலைதட்டுவது, கூம்பாக அள்ளுவது என்ற பேச்சே இல்லை. டின்னில் உண்டு. அள்ளுகிறவள் கை கொஞ்சம் தாராளமானால் இன்றைய சோறு கூடும், மாசக் கடைசியில் வாளி காலியாகும். எங்க பாட்டி விரலால் தலைதட்டிவிட்டு, விரலில் ஒட்டிய மணிகளையும் வாளிக்குள்ளேயே உதறுவார். அரிசி மலிந்த காலத்திலும் அப்படித்தான். கஞ்சத்தனம் என்று நாங்கள் சிரிப்போம்.

போன வாரம் பிள்ளையின் பங்கை, 100 மில்லிலிட்டர் அரிசியை, தனியாக வடித்துப் பார்த்தேன். வெந்து உப்பி, அதே டின்னை ஏறக்குறைய நிரப்பியது. நான் அதை ஒரே வேளையில் சாப்பிட்டு முடித்துவிட்டேன்.