விமான என்ஜின் தேய்வதை கழற்றாமலே கண்டுபிடிப்பது எப்படி? சென்சார் சொல்லும் கணக்கு!

திருத்தணிக்கு பக்கத்தில் இருக்கும் அரக்கோணத்தில்தான் இந்திய கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி விமானதளம் உள்ளது. 1992-ல் தொடங்கப்பட்ட இங்கிருந்து, 2013 முதல் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் பறக்கின்றன. போயிங் 737 குடும்பத்தைச் சேர்ந்த இவற்றில் தலா 2 சிஎஃப்எம்56-7பி என்ஜின்கள். நடுக்கடலில் என்ஜின் கோளாறு வந்தால் இறங்க இடம் கிடையாது. அப்போ, தேய்மானத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

சென்சார்கள் எதை அளக்கின்றன?

வெளியேறும் வாயுவின் வெப்பம், சுழலும் வேகம், எரிபொருள் செலவு, அதிர்வு, எண்ணெயின் அழுத்தம், வெப்பம் ஆகியவை முக்கியம்.

திருத்தணி மலையின் 365 படிகளை ஒருத்தர் வருஷா வருஷம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே படிகள்தான், ஆனால் மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போகிறது என்றால் உடம்பில் ஏதோ மாற்றம். என்ஜினும் அப்படித்தான். பிளேடு முனைகள் தேய்ந்தால், அழுக்கு படிந்தால், அதே உந்துவிசைக்கு கூடுதல் எரிபொருள் தேவை. வெப்பமும் ஏறும்.

ஆனால் காலையில் ஏறியதையும் உச்சி வெயிலில் ஏறியதையும் அப்படியே ஒப்பிட முடியாது இல்லையா? அதனால் வெளி வெப்பம், உயரம், வேகம் ஆகியவற்றுக்கு ஏற்ப அளவுகளைத் திருத்திய பிறகே ஒப்பிடுவார்கள்.

'மார்ஜின்' என்றால் என்ன?

இந்த ரக என்ஜினில் வெளியேறும் வாயுவின் வெப்ப உச்சவரம்பு 950 டிகிரி செல்சியஸ். டேக்-ஆஃப் வெப்பத்துக்கும் இந்த வரம்புக்கும் உள்ள இடைவெளிதான் மார்ஜின். பறக்கப் பறக்க இது குறையும். கம்ப்ரசரை தண்ணீர் விட்டு கழுவினால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். தேய்ந்துபோன பாகத்தை கழுவி சரிசெய்ய முடியாது.

சென்சாரே தப்பா சொன்னா?

உண்மையான தேய்மானத்தில் வெப்பம், எரிபொருள் செலவு, வேகம் எல்லாம் சேர்ந்து மாறும். ஒரே ஒரு அளவு மட்டும் திடீரென எகிறினால், முதல் சந்தேகம் சென்சார் மேல்தான்.

மிச்ச ஆயுள் எவ்வளவு?

இதைக் கணிக்கும் ஆய்வுகளுக்காக நாசா 2008-ல் கணினியில் உருவாக்கிய என்ஜின் தரவுகளை வெளியிட்டு போட்டி நடத்தியது. அதில், சீக்கிரமே எச்சரித்தால் குறைந்த அபராதம், தாமதமாக எச்சரித்தால் அதிக அபராதம். காரணம் எளிது. சீக்கிரம் கழற்றினால் பணம் வீண். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் கடைசி முடிவு கணினியுடையது அல்ல. எச்சரிக்கை வந்ததும் போரோஸ்கோப் எனும் குழாய் கேமராவை உள்ளே விட்டு பிளேடுகளை நேரில் பார்த்து, பொறியாளர்தான் முடிவெடுப்பார்.