கடலின் அழிவும் மீட்சியும்: பாறைகள் காட்டும் கணக்கு

யாழ். குடாநாட்டில் கிணறு வெட்டுவோர் மண்ணைக் கடந்ததும் சுண்ணாம்புக்கல்லைச் சந்திப்பர். தெற்கே கொழும்புத்துறைக் கரை முதல் வடக்கே காங்கேசன்துறை வரை எமது வீடுகளையும் தோட்டங்களையும் தாங்கி நிற்பது இக்கல்லேயாகும். மயோசீன் காலத்தில், அதாவது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இங்கிருந்த ஆழங்குறைந்த கடலில் வாழ்ந்து மடிந்த முருகைகளினதும் சிப்பிகளினதும் நுண்ணுயிர்களினதும் ஓடுகள் படிந்தே இது உருவானது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை அரைத்ததும் இதனைத்தான்.

இந்தக் கல்லை உருவாக்கிய உயிரினங்கள், அதற்கு முன்னர் கடலில் நிகழ்ந்த பேரழிவுகளிலிருந்து தப்பியவற்றின் சந்ததிகளாகும். எமது கரையோரங்களில் மீன்வளம் குறைந்து வருவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம், 'கடல் தானாகவே தேறிவிடும்' என்று ஆறுதல் கூறுவோர் உளர். அவர்களது கூற்று பொய்யன்று. ஆயினும் எத்தனை காலத்தில், எவ்வுயிர்களைக் கொண்டு தேறும் என்பதே எம்முன்னுள்ள கேள்வியாகும்.

பூமியின் வரலாற்றில் ஐந்து பெரும் உயிரின அழிவுகளை அறிஞர்கள் அடையாளம் கண்டுள்ளனர். அவற்றுள் மிகக் கொடியது 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், பேர்மியன் காலத்தின் இறுதியில் நிகழ்ந்தது. சைபீரியாவில் பெருக்கெடுத்த எரிமலைக் குழம்புடன் வெளியேறிய வாயுக்கள் கடலைச் சூடாக்கின. அதன் ஒட்சிசனைக் குறைத்தன. நீரை அமிலத்தன்மை கொள்ளச் செய்தன. கடல்வாழ் இனங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை மறைந்தன.

அழிவுக்குப் பின்னர் கடல் வெறுமையாகக் கிடக்கவில்லை. ஒட்சிசன் குறைந்த நீரையும் சகித்துக்கொள்ளும் கிளாரையா என்னும் மெல்லோட்டுச் சிப்பி உலகெங்கும் பெருகியது. காஷ்மீரில் ஸ்ரீநகருக்கு அண்மையிலுள்ள குர்யூல் பள்ளத்தாக்குப் பாறைகளிலும் அதன் சுவடுகள் காணப்படுகின்றன. பல இடங்களில் எஞ்சிய உயிரினங்கள் உருவிலும் சிறுத்துப்போயின. நீந்தும் அம்மோனைட்டுகள் இருபது இலட்சம் ஆண்டுகளுக்குள் மீண்டும் பல்கிப் பெருகின. முருகைகளின் கதை வேறு. பழைய முருகை இனங்கள் அடியோடு அழிந்தன. இன்று நாம் காணும் முருகைகளின் மூதாதையர் தோன்றச் சுமார் ஒரு கோடி ஆண்டுகள் சென்றன. கடல் மீண்டது உண்மையே. ஆனால் மீண்டது வேறொரு கடலாகும்.

இதனைக் காணத் தமிழர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. தமிழ்நாட்டின் அரியலூரில், சீமெந்துக்காகத் தோண்டப்படும் சுண்ணாம்புப் படுகைகளில், 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த மற்றொரு பேரழிவின் இருபுறமும் பதிவாகியுள்ளது. புதுச்சேரி, அரியலூர்ப் பகுதிகளின் உயிர்ச்சுவடுகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846 இலும், அவருக்குப் பின் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஸ்டோலிக்ஸ்காவும் விவரித்துள்ளனர். அங்குள்ள கீழ்ப்படைகளில் சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள் மலிந்து கிடக்கின்றன. மேலேயுள்ள நிணியூர்ப் படையில் அவை இல்லை. அவற்றின் தூரத்து உறவான நாட்டிலசு வகை மட்டும் கிடைக்கிறது. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை. கடலின் மேற்பரப்பில் மிதந்து வளர்ந்தவை. விண்கல் மோதி மேற்பரப்பு நஞ்சானபோது அவை தப்பவில்லை. நாட்டிலசோ ஆழத்தில் பெரிய முட்டைகளை இடுவது. பலரும் ஏற்கும் விளக்கம் இதுவே. குஞ்சு வளரும் இடம் தப்பினால் இனம் தப்பும் என்பது எமது மீனவருக்குப் புதிய செய்தியன்று.

விண்கல் விழுந்த மெக்சிக்கோக் குழியினுள்ளேயே சில ஆண்டுகளில் உயிர்கள் திரும்பிவிட்டன என்பதை 2018 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனினும் மிதவை நுண்ணுயிர்களின் இனப்பன்மை பழைய நிலையை எட்டச் சுமார் ஒரு கோடி ஆண்டுகள் பிடித்தன.

எமது காலத்து நிகழ்வுகளை அப்பேரழிவுகளுடன் சமமாக வைப்பது மிகைப்படுத்தலாகும். ஆயினும் வெப்பம், ஒட்சிசன் குறைவு, அமிலமாதல் ஆகிய அதே மூன்று காரணிகள் இன்று மீண்டும் ஒன்றுசேர்ந்துள்ளன. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைப் படுகை 1992 இல் கடற் சரணாலயமாக்கப்பட்டது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் தஞ்சமடைந்த கற்பிட்டியில், அக்கடலை நம்பியே தொழில் செய்யும் குடும்பங்கள் பல. 1998 இல் கடல் சூடேறியபோது படுகையின் ஆழங்குறைந்த பகுதியிலிருந்த முருகைகள் வெளிறிப் பெரும்பாலும் இறந்தன. ஆழத்தில் பல தப்பின. அடுத்த பத்தாண்டுக்குள் அப்படுகை கணிசமாகத் தளிர்த்தது. படகுகளின் நெரிசலும் வண்டலும் ஓயாத ஹிக்கடுவையிலோ மீட்சி மந்தமாகவே இருந்தது. இருப்பினும் 2016 இல் வெப்பம் மீண்டும் தாக்கியபோது பார் முருகைப் படுகையும் தப்பவில்லை. 2023 இல் தொடங்கிய வெப்ப அலை உலகின் முருகைப் படுகைகளில் 84 சதவீதத்தைத் தொட்டது. மீள எடுக்கும் காலத்தைவிட இரண்டு அடிகளுக்கிடைப்பட்ட காலம் குறுகிவிட்டால், தேறுதல் என்னும் சொல்லுக்கே பொருளில்லாது போய்விடுகிறது.

கொழும்புத்துறையின் முன்னே விரியும் கடனீரேரியில் பெரும் முருகைப் படுகைகள் இல்லை. அங்கே குஞ்சுகளுக்குத் தொட்டிலாயிருப்பவை சாதாளையும் கண்டலுமே. சிறகுவலையில் விழும் இறாலும் நண்டும் ஓராவும் அத்தொட்டிலில் வளர்பவை. கடனீரேரி மேற்கே திறந்திருப்பது பாக்கு நீரிணைப் பக்கம். அங்கே அடித்தளத்தை வாரிச்செல்லும் இழுவைமடிகள் இறாலோடு கடற்புல்லையும் குஞ்சையும் முட்டையையும் சேர்த்தே அள்ளுகின்றன. இலங்கை 2017 இல் இம்முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாட்டுப் படகுகளின் வருகை அதன் பின்னரும் ஓயவில்லை. உள்ளூர் இழுவைப் படகுகளைப் பற்றிப் பேச நம்மில் பலர் தயங்குகிறோம். வெப்பத்தைத் தணிப்பது யாழ்ப்பாணத்து மீனவர் கையில் இல்லை. கண்டலை வெட்டாமல் விடுவதும், குப்பையைக் கடனீரேரியில் கொட்டாதிருப்பதும், இழுவைமடிச் சட்டத்தை இருதரப்பிலும் பாரபட்சமின்றி நடைமுறைப்படுத்துமாறு கேட்பதும் எம்மால் இயலும். அடுத்த வெப்ப அலைக்குப் பின்னர் எவ்வினங்கள் எஞ்சியிருக்கும் என்பதில் இவற்றுக்கும் பங்குண்டு.