நினைவகப் பயன்பாட்டுக் கணக்கு (லினக்ஸ் கருனி)

நினைவகப் பயன்பாட்டுக் கணக்கு என்பது கணினியின் முதன்மை நினைவகத்தில் எவ்வளவு பகுதி, எதற்காக, எந்தச் செயல்முறையால் பயன்படுத்தப்படுகிறது என்பதை இயங்குதளத்தின் கருனி எண்ணிக்கையாகப் பேணும் முறையாகும். லினக்ஸ் கருனியில் இக்கணக்குகள் பெரும்பாலும் முற்றிலும் துல்லியமானவை அல்ல. விரைவுக்காகச் சிறு பிழையை ஏற்றுக்கொள்ளும் வகையிலேயே அவை வடிவமைக்கப்பட்டுள்ளன. ஆயினும் செயலிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக இச்சிறு பிழையும் பெருகுவதால், கணக்கு முறை பலமுறை திருத்தி அமைக்கப்பட்டுள்ளது.

பயன்கள்

டாப், ஃபிரீ போன்ற கட்டளைகள் காட்டும் எண்கள் யாவும் இக்கணக்கிலிருந்தே பெறப்படுகின்றன. ஆனால் இக்கணக்கு பயனருக்குக் காட்டுவதற்காக மட்டும் பேணப்படுவதன்று. வெற்று நினைவகம் குறையும்போது பழைய பக்கங்களை எப்போது விடுவிப்பது என்பதைக் கருனி இதைக் கொண்டே முடிவு செய்கிறது. நினைவகம் முற்றிலும் தீர்ந்துவிட்டால், எச்செயல்முறையைக் கொல்வது என்பதும் அச்செயல்முறைகளின் நினைவக அளவை ஒப்பிட்டே தெரிவு செய்யப்படுகிறது. கணக்கு தவறினால் தவறான நிரல் நிறுத்தப்படக்கூடும்.

எண்ணப்படும் அளவுகள்

கருனி நினைவகத்தைப் பைட்டுகளாக அல்லாமல் பக்கங்களாக எண்ணுகிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைட்டு ஆகும். ஆர்ம் 64 போன்ற சில கட்டமைப்புகளில் 64 கிலோபைட்டுப் பக்கங்களையும் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு செயல்முறைக்கும் பின்வருவன தனித்தனியே எண்ணப்படுகின்றன:

* கோப்புப் பக்கங்கள் - வட்டிலுள்ள கோப்புகளின் பகுதிகள்
* பெயரிலாப் பக்கங்கள் - நிரல் தனக்கெனக் கேட்டுப் பெற்றவை
* பகிர்வு நினைவகப் பக்கங்கள் - 2016இல் வெளியான 4.5 பதிப்பிலிருந்து தனியாக எண்ணப்படுகின்றன
* இடமாற்றுப் பதிவுகள் - வட்டின் இடமாற்றுப் பகுதிக்கு அனுப்பப்பட்டவை

இவற்றுள் முதல் மூன்றின் கூட்டுத்தொகை ஆர்எஸ்எஸ் எனப்படும் உள்ளிருப்பு அளவாகும். டாப் கட்டளை இதனை 'ரெஸ்' என்னும் நிரலில் காட்டுகிறது.

துல்லியத்தின் விலை

ஒரு நிரல் புதிய பக்கமொன்றைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதன் எண்ணியில் ஒன்று கூட்டப்பட வேண்டும். ஒரே செயல்முறையின் பல இழைகள் பல செயலிகளில் ஒரே நேரத்தில் இயங்கும்போது, அனைத்தும் அதே எண்ணியைத் திருத்த முயல்கின்றன. பூட்டு இல்லாமல் திருத்தினால் சில கூட்டல்கள் தொலைந்துவிடும். பூட்டிட்டோ பிரிக்கவியலாக் கட்டளைகளாலோ திருத்தினால் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் எண்ணி இருக்கும் நினைவக வரி ஒரு செயலியின் பதுக்கு நினைவகத்திலிருந்து மற்றொன்றுக்கு ஓயாமல் அலைவதால் வேகம் குறைகிறது.

இதற்கான பொதுத் தீர்வு, கணக்கை இரு படிகளில் வைத்துக்கொள்வதாகும். ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு சிறு எண்ணியை வைத்துக்கொள்ளும். அது ஒரு வரம்பை எட்டியதும் மொத்தமாகப் பொது எண்ணியில் சேர்க்கப்படும். கடையின் பல கல்லாப்பெட்டிகளில் சேரும் தொகை அவ்வப்போது பேரேட்டில் ஏற்றப்படுவதைப் போன்றது இது. பேரேட்டை மட்டும் பார்ப்பவருக்குக் கல்லாவில் உள்ள தொகை தெரியாது.

செயல்முறைக் கணக்கின் வரலாறு

2006 சனவரியில் வெளியான 2.6.15 பதிப்பில், பக்க அட்டவணைக்கான ஒற்றைப் பூட்டு பல பூட்டுகளாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை அந்த ஒற்றைப் பூட்டின் காப்பில் இருந்த எண்ணிகள், பல செயலிகள் கொண்ட கணினிகளில் பிரிக்கவியலாக் கட்டளைகளால் திருத்தப்படலாயின.

2010இல் வெளியான 2.6.34 பதிப்பில், ஒவ்வோர் இழையும் தன் கணக்கைத் தன்னிடமே வைத்திருந்து, 64 நிகழ்வுகளுக்கு ஒருமுறை பொது எண்ணியில் சேர்க்கும் முறை வந்தது. இதில் பிழை இழைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வளரும். ஆயிரம் இழைகள் கொண்ட செயல்முறையில் ஏறத்தாழ 64,000 பக்கங்கள், அதாவது 4 கிலோபைட்டுப் பக்கங்களாயின் 250 மெகாபைட்டு வரை வேறுபாடு இருக்கக்கூடும்.

2023இல் வெளியான 6.2 பதிப்பு, இழைக்கொன்றாக இருந்த எண்ணிகளை நீக்கிச் செயலிக்கொன்றாக அமைத்தது. இம்முறையில் பொது எண்ணிக்கு மாற்றுவதற்கான வரம்பு 32, அல்லது செயலிகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு, இவற்றுள் எது பெரிதோ அதுவாகும். ஆகவே பெரும அளவுப் பிழை ஏறத்தாழச் செயலி எண்ணிக்கையின் இருபடிக்கு ஏற்ப வளர்கிறது.

256 செயலிகளும் 64 கிலோபைட்டுப் பக்கங்களும் கொண்ட கணினியை எடுத்துக்கொண்டால், வரம்பு 512 பக்கங்கள் ஆகிறது. ஒரே செயலியில் இயங்கும் நிரல் 511 பெயரிலாப் பக்கங்களை, அதாவது ஏறக்குறைய 32 மெகாபைட்டைப் பயன்படுத்தினாலும், அவ்வகைக்கான பொது எண்ணி சுழியத்திலேயே நிற்கலாம். இத்தகைய பெரிய கணினிகளில் சில செயல்முறைகளுக்கு 'ரெஸ்' நிரல் எப்போதும் 0 எனக் காட்டியது உண்மையிலேயே கண்டறியப்பட்டது. பயனர் படிக்கும் ஸ்டேட்டஸ், ஸ்டேட்எம் ஆகிய புரோக் கோப்புகளுக்கு மட்டும், எல்லாச் செயலிகளின் எண்ணிகளையும் கூட்டி விடை தரும் திருத்தம் 2025இல் சேர்க்கப்பட்டது. கூட்டுவது விரைவாக நிகழ வேண்டும். படிப்பது சற்றுத் தாமதமாகலாம் என்பதே இத்திருத்தத்தின் அடிப்படை.

கணினி முழுமைக்குமான கணக்கு

நினைவக மண்டலங்களுக்கான எண்ணிகளும் 2006இல் வெளியான 2.6.18 பதிப்பு முதல் இருபடி முறையிலேயே பேணப்படுகின்றன. ஒரு செயலி தன்னிடம் வைத்திருக்கக்கூடிய வேறுபாடு 125 பக்கங்களுக்கு மிகாது. செயலிகளின் எண்ணிகள் இயல்பாக 1 நொடிக்கு ஒருமுறை பொது எண்ணியில் சேர்க்கப்படுகின்றன.

64 செயலிகள் இருப்பின் ஒரு மண்டலத்தின் வெற்றுப் பக்கக் கணக்கு 8,000 பக்கங்கள் வரை தவறலாம். உண்மையில் நினைவகம் தீரும் நிலையிலும் போதிய இடம் உள்ளதாகக் கருனி எண்ணிவிடும் இடர் இதில் உண்டு. எனவே 2010இல் வெளியான 2.6.36 பதிப்பிலிருந்து, வெற்று நினைவகம் ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் செயலிகளின் எண்ணிகளும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன.

குழுக் கட்டுப்பாட்டில் இதற்கு நேர்மாறான உத்தி கையாளப்படுகிறது. ஒரு குழுவின் ஒதுக்கீட்டில் பக்கங்கள் முன்கூட்டியே மொத்தமாகப் பற்று எழுதப்படுகின்றன. இங்கே கணக்கு உண்மையைவிடச் சற்று மிகுதியாக இருக்கலாம். அதனால் வரம்பு அறியாமல் மீறப்படுவதில்லை.

பகிரப்படும் பக்கங்கள்

எண்ணிகள் துல்லியமாக இருந்தாலும் அவற்றைக் கூட்டிப் பார்ப்பது பிழையாகலாம். பொதுவான நூலகம் ஒன்றின் 40 மெகாபைட்டை 4 செயல்முறைகள் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றின் உள்ளிருப்பு அளவிலும் அந்த 40 மெகாபைட்டு முழுதாக இடம்பெறும். கூட்டினால் 160 மெகாபைட்டு வரும். 2008இல் வெளியான 2.6.25 பதிப்பில் எஸ்மேப்ஸ் கோப்பில் சேர்க்கப்பட்ட பிஎஸ்எஸ் எனப்படும் விகிதப் பங்கு அளவு, ஒவ்வொன்றுக்கும் 10 மெகாபைட்டு எனப் பங்கிட்டுத் தருகிறது. இதற்குப் பக்க அட்டவணை முழுவதையும் நடந்து பார்க்க வேண்டியிருப்பதால் இது மெதுவானது.

கிடைக்கக்கூடிய நினைவகம்

வெற்று நினைவகம் குறைவாகக் காட்டப்படுவது நினைவகம் போதவில்லை என்பதன் அறிகுறியன்று. பயன்படாத இடத்தைக் கருனி கோப்புப் பக்கங்களால் நிரப்பி வைக்கிறது. முன்னர்ப் பலர் வெற்று அளவையும் பதுக்கிய கோப்பு அளவையும் கூட்டி மதிப்பிட்டனர். ஆனால் பதுக்கிய அளவில், எளிதில் விடுவிக்க இயலாத பகிர்வு நினைவகமும் அடங்கும். ஆகவே 2014இல் வெளியான 3.14 பதிப்பில், இடமாற்றம் இன்றிப் புதிய நிரல்களுக்குத் தரக்கூடிய அளவின் மதிப்பீடு 'மெம்அவைலபிள்' என்ற பெயரில் மெம்இன்ஃபோ கோப்பில் சேர்க்கப்பட்டது.

பிழை கண்டறிதல்

தோராயமாகப் படிப்பது வேறு, கணக்கே தவறுவது வேறு. ஒரு செயல்முறையின் முகவரி வெளி அழிக்கப்படும்போது அதன் எண்ணிகள் அனைத்தும் சுழியமாக வேண்டும். அவ்வாறு ஆகவில்லையெனில் உள்ளிருப்பு எண்ணி பழுதுற்ற நிலையில் உள்ளதாகக் கருனி தன் பதிவில் எச்சரிக்கை எழுதுகிறது. எங்கோ ஒரு பக்கம் சேர்க்கப்பட்டுக் கழிக்கப்படாமலோ, இருமுறை கழிக்கப்பட்டோ இருப்பதை இது உணர்த்தும்.

இவற்றையும் பார்க்க

* லினக்ஸ் கருனி
* மெய்நிகர் நினைவகம்
* பதுக்கு நினைவகம்